அத்தையின் அடுக்களைச் சுவர்



ஒரு மாதமாக இங்கே எதுவும் எழுதவில்லை. போன் செய்தவர்களிடம் "அடுக்களையில வேலை நடக்கு, அப்புறம் பேசுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது வேலை முடிந்துவிட்டது. உங்களில் நாலைந்து பேர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பலர் வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். யாருக்காவது பயன்படும் என்று விவரமாக எழுதுகிறேன். டீச்சர் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

அம்பாசமுத்திரத்தில் நாங்கள் இருக்கும் வீடு 1987-இல் கட்டியது. அடுக்களையில் பத்தடி நீளத்துக்குக் கறுப்புக் கடப்பாக்கல் மேடை. மேடைக்கு மேலே சுவரில் ஆறு அங்குல வெள்ளை டைல்ஸ் இரண்டு வரிசை, அதற்கு மேல் வெறும் சுண்ணாம்பு. அந்தக் காலத்தில் இவ்வளவுதான் வழக்கம். தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவியும் புகையும் சுவரில் படிந்து, தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். டைல்ஸில் படிந்தால் துடைத்துவிடலாம். சுண்ணாம்பு குடித்துவிடும். முப்பது வருடங்களுக்கு மேல் எண்ணெய் குடித்த எங்கள் சுவர் பழுப்பேறிக் கிடந்தது.

அது பரவாயில்லை. இந்த வருடம் குழாய்க்குப் பின்னால் ஈரம் கசிய ஆரம்பித்தது. டைல்ஸைத் தட்டினால் பல இடங்களில் வெற்றுச் சத்தம். ஒரு நாள் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கல் தானாகக் கழன்று விழுந்து இரண்டாக உடைந்தது. நல்லவேளை, அப்போது அடுப்பருகில் யாரும் இல்லை. இனித் தள்ளிப்போட முடியாது என்று முடிவு செய்தோம்.

சொந்தக்காரர்களுக்குத் தெரியும், அந்த அடுக்களை என் அத்தையுடையது. என் மாமியாருக்கு வயது 84. நான் பள்ளிக்கூடம் போய்வந்த வருடங்கள் முழுக்க இந்த வீட்டில் அடுப்பைப் பார்த்தது அவர்தான். ஆறேழு வருடங்களுக்கு முன் அவருக்குக் கண்ணில் க்ளாகோமா என்று கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதால் பார்வை நரம்பு சிறுகச் சிறுகக் கெடுகிற நோய் அது. வலி தெரியாது. முதலில் பக்கவாட்டுப் பார்வை குறையும். நேரே பார்ப்பது தெரிவதால் ஆளுக்கே வெகுநாள் விளங்காது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. கூச்சம் அதிகமாகும். ஒரே மாதிரி நிறத்தில் இரண்டு பொருள் பக்கத்தில் இருந்தால் பிரித்துப் பார்க்க முடியாது. கறுப்பு மேடையில் கறுப்பு தோசைக்கல்லை வைத்தால் அத்தைக்குத் தோசைக்கல்லே இல்லை.

ஆனாலும் காலையில் காப்பியும் மதியம் ஒரு குழம்பும் அவர் கையால்தான். அதை விட்டுக்கொடுக்க மாட்டார்.

சுவர் வேலை என்றதும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. பெங்களூரிலிருந்து என் மகன் படம் அனுப்பினான். கண்ணாடி மாதிரி மின்னும் பெரிய வெள்ளை டைல்ஸ், மேலிருந்து கீழ்வரை ஒரே பளபளப்பு. பார்க்க அழகுதான். என் நாத்தனார் வேறு விதமாகச் சொன்னாள். "மதினி, அம்மாவுக்குக் கண்ணு இப்படி இருக்கும்போது அடுப்புப் பக்கம் எதுக்கு விடணும்? பதினஞ்சு நாளு வேலை நடக்கும்லா, அதைச் சாக்கா வச்சு நிப்பாட்டிருங்க. அப்புறம் தானாப் பழகிரும்."

அவள் சொன்னதில் அக்கறை இருக்கிறது. அத்தையின் இடது மணிக்கட்டில் இரண்டு சூட்டுத் தழும்பு உண்டு. பெற்ற மகளுக்கு அதைப் பார்த்தால் பதறாதா?

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒன்றுதான் சொன்னார். "சுவத்தை மாத்திட்டா எனக்குக் கைத்தடம் போயிருமே."

எனக்கு அது முதலில் விளங்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு முக்காலியைப் போட்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்து அவரைக் கவனித்தேன். ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் எழுதும்போது நான் பலகையைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன். பென்சில் எங்கே தயங்குகிறது என்று தெரிந்தால் பிள்ளைக்கு எது வரவில்லை என்று தெரிந்துவிடும். அப்படித்தான் அன்று அத்தையின் கையைப் பார்த்தேன்.

அவர் கண்ணால் சமைக்கவில்லை. மேடை அகலம் 20 அங்குலந்தான், சுவர் கைக்கு எட்டும். இரண்டு வரிசை டைல்ஸ் முடிகிற மேல் விளிம்பு சுவரிலிருந்து கொஞ்சம் புடைத்திருக்கும். வாசலில் நுழைந்ததும் விரல் அந்த விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. அதன்மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு நடக்கிறார். ஓரிடத்தில் விளிம்பில் ஒரு மூலை உடைந்திருக்கிறது. அங்கே நின்று கையை நேரே மேலே தூக்கினால் கடப்பாக்கல் தட்டில் உப்பு டப்பா. அதைத் தாண்டிப் போனால் அடுப்பு. அடுப்பைத் தாண்டினால் ஜன்னல், குழாய்.

கூடவே தழும்பின் காரணமும் தெரிந்துவிட்டது. விளிம்பு அடுப்புக்குப் பின்னாலும் நிற்காமல் ஓடுகிறது. விரலும் அதோடு ஓடுகிறது. எரிகிற பர்னருக்கு மேலாகக் கை போகிறது.

ஆக, மகன் அனுப்பிய மின்னும் சுவரைப் போட்டிருந்தால், யாரும் தடுக்காமலே அத்தை அடுக்களையை விட்டு வெளியேறியிருப்பார். பிடித்துக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது. பழைய சுவரையே விட்டுவைத்தாலோ அடுத்த தழும்பு நிச்சயம். எனவே டைல்ஸ் கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் சுவரை வரைந்து நான்கு விஷயங்களை எழுதிக்கொண்டேன். பளபளப்பு கூடாது. மேடைக்கும் சுவருக்கும் நிறம் வேறாக இருக்க வேண்டும். பழைய உயரத்திலேயே கைக்கு ஒரு விளிம்பு வேண்டும். அடுப்புக்குப் பின்னால் மட்டும் அந்த விளிம்பு கூடாது.

கடையில் தேர்ந்தெடுத்தது வெளிர் சந்தன நிறத்தில், பளபளப்பில்லாத மேட் ரகம். 300-க்கு 450 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு அடிக்கு ஒன்றரை அடி. படுக்கை வசமாக வைத்தால் ஒரு வரிசை 12 அங்குலம். பழைய ஆறு அங்குலக் கல் இரண்டு வரிசை எவ்வளவு? அதே 12 அங்குலம். முதல் வரிசை முடிகிற இடத்தில், சுண்டுவிரல் பருமனுக்குப் புடைத்த அடர்ந்த காப்பி நிற பார்டரை ஓட்டினால், அத்தையின் கை நாற்பது வருடமாகப் பழகிய உயரத்திலேயே அது வந்துவிடும். அதற்கு மேல் இன்னொரு வரிசை, பிறகு கடப்பாக்கல் தட்டு.

கணக்கு எளிது. பத்தடி நீளத்தில் வரிசைக்கு ஆறு முழுக்கல், ஏழாவது கல் 13 அங்குலத்துக்கு வெட்டியது. இரண்டு வரிசைக்கு 14. பெட்டிக்கு 6 கல் என்பதால் 3 பெட்டி, 18 கல். மிச்சம் நான்கு. வெட்டும்போது உடைவதற்கும் பின்னாளில் ஒன்றை மாற்றுவதற்கும் இது வேண்டும். வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண்ணும் பேட்ச் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரே டிசைன் என்றாலும் வேறு பேட்ச் என்றால் சுவரில் நிறம் தட்டிவிடும். ஐ.எஸ். 15622 என்ற இந்தியத் தர எண் பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் குஜராத்தில் உள்ள மோர்பி என்று ஊர்ப் பெயர் இருக்கும். நம் நாட்டு டைல்ஸில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. சுவர்க் கடிகாரத்துக்கும் பெயர் பெற்ற ஊர் அது.

கொத்தனார் என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவர். இப்போது அவருக்கே கல்லூரி போகும் பையன் இருக்கிறான். பார்டரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதை இப்பம் யாரும் போடுறதில்ல. மேல அழுக்கு தங்கும். நாளைக்கு நீங்கதான் உக்காந்து துடைக்கணும்" என்றார். காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "அப்பம் உப்பு இருக்கிற இடத்துல பார்டரை அரை இஞ்சு விட்டுரட்டா டீச்சர்? ஓட்டிக்கிட்டு வரும்போது விரல் குழியில விழும்லா, பாட்டிக்குத் தெரிஞ்சிரும்."

இது என் தாளில் இல்லாத யோசனை. தாளை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

இனி வேலை நடந்த விதம். வீடு கட்டுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

முதல் நாள் மெயினை அணைத்துவிட்டு பழைய டைல்ஸை உடைத்து எடுத்தார்கள். கல்லோடு பூச்சும் பாளம் பாளமாக வந்தது. உள்ளே இரும்புக் குழாய் துருப்பிடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. டைல்ஸ் ஒட்டும் முன் குழாய் வேலையையும் கரண்டு வேலையையும் முழுதாக முடித்துவிட வேண்டும். குழாயை மாற்றி, ஒரு இரவு முழுக்கத் தண்ணீரைத் திறந்து அடைத்து வைத்துக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகே மூடினோம். குழாய்க்கு மேலே இருந்த சுவிட்சு போர்டை வாசல் பக்கத்துக்கு மாற்றினோம். ஈரக் கையோடு அத்தை சுவிட்சு தேட வேண்டாம்.

பிறகு புதுப் பூச்சு. பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற வைத்தோம். இங்கேதான் பல வீடுகளில் அவசரப்படுகிறார்கள். ஆறாத பூச்சு பின்னால் சுருங்கி வெடிக்கும், டைல்ஸையும் சேர்த்து இழுக்கும். அந்த ஏழு நாளும் பின் தாழ்வாரத்தில் அடுப்பை வைத்து நான் சமைத்தேன். அத்தை பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, "கடுகு வெடிச்சிட்டு, வெங்காயத்தைப் போடு" என்று காதாலேயே சமையல் செய்தார்.

டைல்ஸ் ஒட்டும் நாள் வந்தது. முதல் வரிசையை மேடையை நம்பி வைக்கக் கூடாது என்றார் கொத்தனார். தண்ணீர் வடிய மேடை குழாய்ப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதன்மேல் அப்படியே அடுக்கினால் சுவரும் சாய்ந்து தெரியும். அவர் டியூப் லெவல் பிடித்தார். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைச் சுவரின் இந்த ஓரத்திலும் மறு முனையை அந்த ஓரத்திலும் பிடித்து, தண்ணீர் நிற்கும் இடங்களில் கோடு போட்டு நூல் அடிப்பார்கள். தண்ணீர் தன் மட்டத்தைத் தானே காட்டும் என்று அறிவியல் பாடம் நடத்தியிருக்கிறேனே, நினைவிருக்கிறதா? அதே பாடம்தான். மேடையின் சாய்வால் அடியில் வந்த சிறு வித்தியாசத்துக்குக் கீழ் வரிசைக் கல்லை அதற்கேற்றபடி வெட்டி வைத்தார். மேல் விளிம்பு நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

அடுத்து ஒட்டும் முறை. வெறும் சிமெண்டில் ஒட்டுவதானால் சுவர் டைல்ஸை முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அது செராமிக், தண்ணீரை நன்றாக உறிஞ்சும். காய்ந்த கல்லை வைத்தால் சிமெண்டில் உள்ள தண்ணீரை அதுவே குடித்துவிடும், சிமெண்டு இறுகாது. தரைக்குப் போடும் விட்ரிஃபைட் டைல்ஸ் இதற்கு நேர் எதிர். தண்ணீரை அநேகமாக உறிஞ்சவே உறிஞ்சாது. அதைச் சுவரில் ஒட்ட வெறும் சிமெண்டு போதாது, டைல்ஸ் பசை வேண்டும். நாங்கள் செராமிக் கல்லையே பசையில் ஒட்டினோம். பசை என்றால் ஊறப்போட வேண்டியதில்லை.

பசையோ சிமெண்டோ, கல்லின் முதுகு முழுவதும் பட வேண்டும். நான்கு மூலைக்கும் நடுவுக்குமாக ஐந்து உருண்டை அப்பி அழுத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இடையில் காற்று நிற்கும். ஈரம் தங்கும், எறும்பும் கரப்பானும் குடியேறும், ஒரு பாத்திரம் இடித்தால் கல் வெடிக்கும். எங்கள் பழைய சுவர் அப்படித்தான் ஒட்டப்பட்டிருந்தது, உடைத்தபோது பார்த்தேன். இந்த முறை பல் வைத்த கரணையால் சுவர் முழுக்கப் பசையை வரிவரியாக இழுத்து ஒட்டினார்கள். மறுநாள் நான் ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்தேன். கொத்தனார் சிரித்தார். "டீச்சர் இன்னும் பேப்பர் திருத்துறதை விடல."

அடுத்த நாள் இடுக்கு அடைத்தோம். நம் சமையலில் மஞ்சளும் எண்ணெயும் தெறிக்காத நாள் கிடையாது. சிமெண்டு கிரவுட் அந்தக் கறையை உறிஞ்சிக்கொள்ளும். எபாக்ஸி கிரவுட் உறிஞ்சாது, விலை கூடுதல். கல்லின்மேல் படிந்ததை இறுகும் முன்னே துடைத்தெடுக்க வேண்டும், இறுகினால் போகாது. அடுப்புச் சுவர் ஒன்றுக்காவது அதைப் போடுவது நல்லது. மேடையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் எபாக்ஸியும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். கல்லும் சுவரும் ஒரே மாதிரி அசைவதில்லை, அந்த மூலை எப்படியும் கீறல் விடும். அங்கே சிலிக்கான்தான் நீண்டு கொடுக்கும்.

பார்டர் ஏழடிக்குத்தான் ஓடுகிறது. வாசலிலிருந்து மூன்றரை அடி, உப்புக்கு நேரே அரை அங்குலக் குழி. பிறகு மூன்றடிக்குப் புடைப்பு இல்லை, அதே காப்பி நிறத்தில் தட்டையான பட்டை மட்டும். அங்கேதான் அடுப்பு. அடுப்பைத் தாண்டி மறுபடி மூன்றரை அடி புடைத்த பார்டர். கண் தெரிகிறவர்களுக்கு ஒரே கோடாகத் தெரியும். விரலுக்கு மட்டும் நடுவில் கோடு நின்றுபோகும்.

மறுநாள் காலையில் அத்தையைக் கூட்டிப் போனேன். நான் ஒன்றும் விளக்கவில்லை. விரல் தானாக எழுந்து பழைய உயரத்துக்குப் போய் பார்டரைப் பிடித்தது. நடந்தார். குழியில் விரல் விழுந்ததும் நின்று, கையை மேலே தூக்கி உப்பு டப்பாவைத் தொட்டார். மறுபடி விரலை ஓட்டிக்கொண்டு போனார். பார்டர் முடிகிற இடத்தில் நின்றுவிட்டார். கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டு, "இங்கதான் அடுப்பா?" என்றார்.

ஆமாம் அத்தை என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முதல் வாரம் அவர் விரல் பழைய உடைந்த மூலையைத் தேடியது. ஒரு தடவை புளி டப்பா கீழே விழுந்தது. அடுப்பைச் சுற்றி வர மேடையின் முன் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பழக நாலைந்து நாள் ஆனது. சில விதிகளையும் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். கஞ்சி வடிப்பது நான், எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரிப்பது நான். அடுப்பு எரியும்போது வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும். கறுப்பு தோசைக்கல்லுக்கு அடியில் வெள்ளைப் பலகை வைக்க வேண்டும். அத்தை எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். நாத்தனாருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள், அம்மா வைத்த சொதியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். போகும்போது அந்த பார்டரில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

உறவுகளுக்குத் தனியாக ஒன்று. க்ளாகோமா குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடிய நோய். அத்தையின் பிள்ளைகள், தம்பி தங்கைமார், நாற்பது தாண்டிய பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரு தடவை கண் மருத்துவரிடம் போய்க் கண் அழுத்தமும் பார்வை நரம்பும் பார்த்துவிடுங்கள். "எனக்கு நல்லாத் தெரியுதே" என்று சொல்லாதீர்கள். அத்தையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரும் நாத்தனாரும் போன வாரம் பார்த்துவிட்டு வந்தார்கள்.

மாணவச் செல்வங்களுக்கு: அடுக்களைக்கு டைல்ஸ் வாங்கப் போகும் முன் ஒரு காலை, அங்கே நின்று சமைப்பவரின் கையைப் பாருங்கள். அம்மாவோ, மனைவியோ, நீங்களோ, யாராக இருந்தாலும் சரி. எங்கே எட்டுகிறது, எங்கே சுடுகிறது, எங்கே தடுமாறுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நிறமும் டிசைனும் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தாளைக் கொத்தனாரிடமும் காட்டுங்கள். அவர்களுக்கு நம்மைவிட நல்ல யோசனை இருக்கும்.

பார்டரில் அழுக்கு தங்கத்தான் செய்கிறது. சனிக்கிழமைதோறும் வெந்நீரில் துணியை நனைத்து நான் துடைக்கிறேன். பத்து நிமிட வேலை.

எல்லோரும் நலமாக இருங்கள். இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், அத்தை கையால் காப்பி உண்டு.